மதுக்கரை ஏற்றத்தில் விரித்த கை

செவ்வாய்க்கிழமை காலையில் ரசச் சோற்றைக் கரைத்துத் தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு ஆத்துப்பாலம் நிறுத்தத்தில் பஸ்சுக்கு நின்றிருந்தேன். போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்திருந்த என் மகள் கவிதாதான். "அம்மா, சோறு வேண்டாமுங்க. நீங்க மட்டும் வாங்க" என்றாள். பஸ் வந்ததும் ஏறி, சீட்டு வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். போசி சூடாக இருந்தது. அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் இறந்துவிட்டார். கார், வேன் வைத்திருக்கிற கோயமுத்தூர்க்காரர்கள் நிறையப் பேருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெட்ரோல் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனால், ஏற்றத்தில் இழுக்காமல் திணறினால், டேங்க்கிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் போகிற அழுத்தம் சரியாக இருக்கிறதா, இல்லையென்றால் கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துச் சொல்கிறவர். முப்பது வருசத்துக்கு மேல் அதுதான் அவர் தொழில்.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு மெக்கானிக் சங்கத்துச் செயலாளர் செல்வம் வீட்டுக்கு வந்தார். சங்கத்து இதழில் போட அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை வேண்டும் என்றார். அவர்களே எழுதிக்கொண்டு வந்த தாளைக் கவிதா படித்துக் காட்டினாள். புகழ்ச்சியாகத்தான் இருந்தது. நடுவில், ஷாஜகான் பாய் வேன் விசயத்தில் நேர்ந்த ஒரே ஒரு தவறைத் தவிர என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன். "ஊருக்கே தெரிஞ்சதுதானுங்களே அக்கா" என்றார்.

அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தவறு அவருடையது இல்லை. யாருடையது என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழையைக் கவிதா திருத்தியிருக்கிறாள். சொன்னதைத் திருத்தக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் அவர் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். தங்கமான மனுசர் என்று எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். வாய் அப்படி. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் பட்டறைக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். காரை நிறுத்திய ஒருவர், பம்ப் போய்விட்டது, உடனே மாற்றிவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவர் கையைத் துடைத்துக்கொண்டே, "நீங்களே கண்டுபுடிச்சுட்டீங்க, அப்புறம் எதுக்குங்க இங்க நிக்கறீங்க? போயி வண்டிக்குப் பால் ஊத்திப்போட்டு, தலைக்குத் தண்ணி வாத்துட்டு வாங்க" என்றார். அந்த ஆள் முகம் சிவந்துபோய்க் கிளம்பினார். நாலாம் நாள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அதே ஆள் வந்தார். இவர் அவரிடம் கேட்டது, "குளிச்சாச்சுங்களா?"

ஆனால் தொழிலில் அவசரப்பட மாட்டார். பம்ப் டேங்க்குக்குள் இருக்கிறது. சந்தேகம் வந்ததுமே டேங்க்கை இறக்கி, பம்ப்பை மாற்றிவிடுகிறவர்கள்தான் அதிகம். இவர் அழுத்தம் காட்டுகிற கேஜ் போடாமல் ஒரு போல்ட்டைத் தொட மாட்டார். என்ஜின் பக்கத்துப் பெட்ரோல் குழாயில் கேஜைப் பொருத்திவிட்டுச் சாவியைத் திருப்புவார். ஸ்டார்ட் செய்ய மாட்டார். சாவியைத் திருப்பினால் பின்னால் பம்ப் ரெண்டு நொடி ஓடி நிற்கும். அதற்குள் கேஜ் முள் மூன்றுக்கு வர வேண்டும். பம்ப் நின்ற பிறகும் முள் அங்கேயே நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் எங்கேயோ கசிகிறது. ஏறவே இல்லையென்றால் பம்ப்பாக இருக்கலாம், அடைத்துப்போன பில்டராக இருக்கலாம், பம்ப்புக்குக் கரண்ட் பத்தாமலும் இருக்கலாம். "முள்ளு பாதிதான் சொல்லும். மீதிய டேங்க்குகிட்டத்தான் கேக்கோணும்" என்பார்.

டேங்க் பேசுவது ஒரு முனகல். நல்ல பம்ப்பின் முனகல் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். பெட்ரோல் கிடைக்காத பம்ப்போ கரண்ட் கிடைக்காத பம்ப்போ இளைத்துப்போய் முனகும், சீக்காளி மூச்சு விடுகிற மாதிரி. பின்சீட்டைத் தூக்கிவிட்டு டேங்க்கில் காதை வைத்து, கண்ணை மூடி, இன்ன இடம் என்று சொல்லிவிடுவார். சென்னியப்பன் காது என்று ஊரில் பேர் வந்தது அப்படித்தான்.

அந்தக் காது போய்விட்டது. கவிதா ஆறாவது படிக்கும்போது போனது. நரம்பு செத்துவிட்டது, இனி வராது, மெசின் வைத்தால் கொஞ்சம் கேட்கலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும், "காதுல மெசினை மாட்டிட்டு நின்னா எவன் என்னை நம்பி வண்டி உடுவான்?" என்றார். அன்றைக்குச் சாயங்காலமே என்னைக் கவிதா தலையில் கை வைக்கச் சொல்லி, யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். மறுநாள் பட்டறைக்குக் கூட்டிப்போனார்.

எனக்கு மூன்றே மூன்று சைகை சொல்லிக்கொடுத்தார். கையை விரித்துக் காட்டினால் சத்தம் நேராக இருக்கிறது. ஒற்றை விரலை ஆட்டினால் சத்தம் இளைக்கிறது. முட்டியை மூடினால் சத்தமே இல்லை. நான் பின்சீட்டில் தூசி தட்டுகிற மாதிரி டேங்க்கின் மேல் குனிந்திருப்பேன். அவர் முன்னால் உட்கார்ந்து கண்ணாடியில் என் கையைப் பார்ப்பார். பார்த்த பிறகு எழுந்து வந்து, "ஏ மந்தம், தூசி தட்டறதுக்கு எத்தனை நேரம்? நகரு அந்தப் பக்கம்" என்று என்னைத் தள்ளிவிட்டு, தன் காதை டேங்க்கில் வைத்து, கண்ணை மூடுவார். கேட்காத காதை வைத்துக்கொண்டு அவர் கண்ணை மூடுகிற அழகு சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும். பிறகு எழுந்து கோளாறைச் சொல்வார். சரியாக இருக்கும். மற்றபடி வண்டிக்காரர்கள் பேச்சை உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வார்.

வண்டிக்காரர்கள் எனக்காக இரக்கப்படுவார்கள். "ஏனுங்க, அம்மணியப் போயி இப்படிப் பேசறீங்களே" என்று கேட்டவர்கள் உண்டு. நான் சிரித்துக்கொள்வேன். அந்தத் திட்டு, காதை மறைக்கிற போர்வை என்று எனக்குத் தெரியும். பிடித்தும் இருந்தது. மூன்றாம் வகுப்புக்காரி சொல்லித்தான் இந்த ஊர் வண்டிகள் ஓடுகின்றன என்று மனசுக்குள் ஒரு மிதப்பு. ஆனால் போர்வைக்காகப் பேசுகிற பேச்சு எப்போது நிஜமாகிறது என்பது பேசுகிறவருக்கும் தெரியாது போல. நாளாக ஆக வீட்டிலும் மந்தம்தான். ஒறம்பரை சனம் வந்திருக்கும்போதும் மந்தம்தான். என் பேர் ராமாத்தாள். அதை அவர் வாயில் கேட்டு எத்தனையோ வருசம் ஆகிவிட்டது.

செல்வத்துக்கும் அவருக்கும் பகை வந்தது இந்தக் காலத்தில்தான். இதை எழுதினால் செல்வம் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெருந்துறை மில்காரர் ஒருவரின் காருக்கு செல்வம் பட்டறையில் மூன்று முறை புதுப் பம்ப் போட்டிருந்தார்கள். மூன்றும் போய்விட்டது. எங்களிடம் வந்தபோது நான் காதை வைத்துக் கேட்டேன், சத்தம் இளைத்திருந்தது. விரலை ஆட்டினேன். புதுப் பம்ப் எப்படி இளைக்கும் என்று இவர் மீட்டரை எடுத்துப் பம்ப்பின் வயரில் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒன்பதுதான் வந்தது. வயரைப் பிடித்துக்கொண்டே போய், பின்பக்கத் தரைவிரிப்புக்கு அடியில், வயரை வண்டி உடம்போடு சேர்க்கிற எர்த் போல்ட் துருப்பிடித்திருந்ததைக் கண்டுபிடித்தார். அதைத் தேய்த்து வேறு போல்ட் போட்டதும் வண்டி சரியாகிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். அந்தத் துருப்போல்ட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வெற்றிலையில் மடித்து, மில்காரரின் டிரைவர் கையில் செல்வத்துக்கு அனுப்பினார். மூணு பம்ப்பை முழுங்கின சாமி இது, கும்பிட்டுக்கச் சொல்லு என்று சொல்லியும் விட்டார். ஆத்துப்பாலத்திலிருந்து உக்கடம் வரைக்கும் ஒரு மாசம் இதே சிரிப்பு. செல்வம் அப்போது புதிதாகப் பட்டறை போட்டவர். அவர் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. வேலை குறைந்துபோனது. சொன்னேன், பாவம்ங்க என்று. என் வாயைப் பார்த்துவிட்டு, "பாவம் பாத்தா பிரஷர் ஏறாது" என்றார்.

ஒன்பது வருசத்துக்கு முன்னால், ஆனி மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தின் ஆண்டு விழாவில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருந்தேன். பேசியவர், இப்படி ஒரு காது நூறு வருசத்துக்கு ஒருத்தருக்குத்தான் வாய்க்கும் என்றார். இவர் மைக் முன்னால் நின்று, இது ஆண்டவன் எனக்குக் கொடுத்தது என்று காதைத் தொட்டுச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்த ஒருத்தி என்னை இடித்து, "ஏக்கா, ஊட்லயும் இப்படித்தான் எல்லாம் கேக்குமா? அப்ப நீ ஒண்ணும் முணுமுணுக்க முடியாதே" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து சால்வையை மடித்து பீரோவில் வைத்தேன். எதையும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. கவிதா இல்லாத நேரம், ரெண்டு பேர் மட்டும் இருந்தோம். ஒரு பார்வை போதும், ஒரு வார்த்தை போதும் என்று நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? ஸ்பானருக்கு எவனாச்சும் சால்வை போத்துவானா?" என்றார். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சோறு போட்டேன்.

அதற்கு மூன்றாம் நாள் ஷாஜகான் பாய் வேனைக் கொண்டுவந்தார். கோட்டைமேட்டில் பாத்திரக் கடை. ஊர் ஊராகச் சந்தைக்கும் கோயில் நோம்பிக்கும் வேனில் பாத்திரம் ஏற்றிக்கொண்டு போவார். ஆடியில் அந்தியூர்த் தேர் வருகிறது, ஒரு வாரம் அங்கேயே கடை போடுவேன், அதற்குள் சரிசெய்து கொடுத்துவிடுங்கள் என்றார். வண்டி ஊருக்குள் நன்றாக ஓடுகிறது, தூரம் போய்ச் சூடானபிறகு ஏற்றத்தில் திணறுகிறது என்பது புகார். பட்டறையில் கேஜ் போட்டால் முள் மூன்றிலேயே நின்றது. அதனால் கேஜின் குழாயை பானெட் வழியாக வெளியே இழுத்து, முன் கண்ணாடியில் கேஜை டேப் போட்டு ஒட்டினார். அவர் ஓட்ட, நான் பின்னால் சீட்டைத் தூக்கி டேங்க்கின் மேல் காதை வைத்துக்கொண்டு மதுக்கரை வரைக்கும் போனோம்.

மதுக்கரை ஏற்றத்தில் சிமெண்ட் லாரி ஒன்று குறுக்கே வந்தது. அவர் கண் ரோட்டுக்குப் போனது. அந்த நேரத்தில் வண்டி லேசாக ஒரு குலுங்கு குலுங்கியது. என் காதுக்கு அடியில் பம்ப்பின் சத்தம் இளைத்தது. பத்து எண்ணுகிற நேரம் இளைத்தே இருந்தது, பிறகு நேரானது. அவர் கேஜைப் பார்த்தபோது முள் மூன்றுக்குத் திரும்பியிருந்தது. குலுங்கினது பெட்ரோல் குறைந்ததாலா, என்ஜினில் தீப்பொறிக்குப் போகிற கரண்ட் விட்டுப்போனதாலா என்று அவருக்குத் தெரிய வேண்டும். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

ஸ்பானர் என்றாரே, ஸ்பானர் எப்படிப் பேசும் என்று நினைத்தேன். கையை விரித்துக் காட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு நொடி. வீட்டுக்கு வந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். முதலில் அவர் ஒருநாள் திணறட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பம்ப்பில் கோளாறு இல்லை என்று அவர் முடிவு செய்து, கரண்ட் பக்கம் பார்த்தார். தீப்பொறி கொடுக்கிற பழைய காயிலில் ஒரு விரிசல் இருந்தது. அதை மாற்றினார். வண்டி ஊருக்குள் நன்றாக ஓடியது. பாய் வந்து எடுத்துக்கொண்டு போகும்போது நான் பட்டறையில்தான் இருந்தேன். பாய் எனக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

பாத்திரம் ஏற்றிக்கொண்டு அந்தியூருக்குப் போகிற வழியில், பெருந்துறைக்கு முன்னால் பாலத்து ஏற்றத்தில் வேன் நின்றுபோனது. பாய் இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறார். பின்னால் வந்த லாரிக்காரன் நிறுத்தப் பார்த்தும் முடியவில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பாலம் முழுக்கப் பித்தளைக் குடமும் தட்டமும் உருண்டு கிடந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

வேனைச் செல்வம் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் பம்ப்பைக் கழற்றிப் பிரித்தார். அடியில் இருக்கிற வடிகட்டி வலை முழுக்கக் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. லோடோடு ஏற்றம் ஏறும்போது பெட்ரோல் கிடைக்காமல் பம்ப் இளைத்திருக்கிறது. பத்துப் பதினைந்து பேரோடு எங்கள் பட்டறை வாசலுக்கு வந்தார் செல்வம். அந்தப் பம்ப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார். வெற்றிலையில் வைத்து மேசைமேல் வைத்தார். "சால்வை போத்துன காதுங்களே மாமா, இது என்ன சொல்லுதுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். கூட்டத்தில் ஒருத்தர், "அது கால் கேக்குதாமா" என்றார். சிலர் சிரித்தார்கள்.

அவர் பம்ப்பைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதிலேயே அவருக்கு விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "நாந்தானுங்க தப்பாக் கேட்டுப்போட்டேன்" என்றார். அவர் யாரிடமும் அப்படித் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

அந்த வார்த்தையை ஒன்பது வருசம் நான் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். எனக்காகச் சொன்னாரா, காதுக்காகச் சொன்னாரா? என்னைக் காட்டிக்கொடுத்தால், நீ எதுக்கு அவளைக் கேக்கற, உனக்குக் காது இல்லையா என்று கேட்பார்கள். சால்வை பொய்யாகிவிடும். அதனால்தான் சொன்னார், எனக்காக இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். அப்படி நினைத்தால் எனக்குத் தூக்கம் வந்தது.

மறுநாளிலிருந்து பட்டறைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வண்டிகள் குறைந்தன. நீளமான ஸ்குருடிரைவர் ஒன்றை டேங்க்கில் ஊன்றி, அதன் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு, அந்த அதிர்வில் பம்ப் ஓடுகிறதா என்று பார்ப்பாராம். பார்த்தவர்கள் கிறுக்கு முற்றிவிட்டது என்றார்கள். செவிடு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் பேச்சு நின்றுபோனது. எதைக் கேட்டாலும் கையை விரித்துக் காட்டுவார். சோற்றைப் போட்டுவிட்டு, உப்பு பத்துதுங்களா என்பேன். விரித்த கை. வெந்நீர் சூடு சரியாக இருக்குதுங்களா? விரித்த கை. கவிதாவைப் பார்க்கப் பெருந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து போனபிறகு, இந்த இடம் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். அதற்கும் விரித்த கை. உப்பே போடாமல் ஒருநாள் குழம்பு வைத்தேன். முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, என் கண்ணைப் பார்த்து, மெதுவாக, ஐந்து விரலையும் விரித்தார். வைதிருக்கலாம். அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

கேட்டுவிடலாம் என்றால் காது கேட்காதவரோடு சண்டை போட வழியில்லை. அவருக்கு என் உதட்டைப் பார்த்தால்தான் பேச்சு. கண்ணை மூடிக்கொண்டால் முடிந்தது.

ரெண்டு வருசத்துக்கு முன்னால் சிறுநீரகம் ரெண்டும் கெட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அந்த மெசினிலும் பிரஷர் ஓடும் என்று அவருக்கு அங்கே போனபிறகுதான் தெரிந்தது. உடம்பைவிட்டுப் போகிற ரத்தத்துக்கு ஒரு எண், திரும்பி வருகிற ரத்தத்துக்கு ஒரு எண். படுத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நர்சைக் கூப்பிட்டு, "ரிட்டர்ன் லைன்ல பிரஷர் ஏறுது கண்ணு, எங்கியோ ஹோஸ் மடங்கியிருக்குது பாரு" என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போர்வையை விலக்கிப் பார்த்தாள். குழாய் அவர் முழங்கைக்கு அடியில் மடங்கித்தான் இருந்தது. அன்றிலிருந்து அவருக்கு அங்கே மெக்கானிக் தாத்தா என்று பேர். அந்தப் பெண்ணிடம் வாய் ஓயாமல் பழமை பேசுவார். நான் கேட்கிற மாதிரியே அவளும், வலிக்குதா தாத்தா என்று கேட்பாள். அவளுக்கு வாயால் பதில் சொல்வார். எனக்குக் கைதான்.

அவர் சாவதற்கு முந்தின வாரம் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, மதுக்கரையில அன்னைக்கு என்று ஆரம்பித்தேன். மதுக்கரை என்கிற வார்த்தையை உதட்டில் பார்த்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவரை வீட்டு வாசலில் கிடத்தியிருந்தோம். ஒறம்பரை வந்துகொண்டிருந்தது. மூன்று மணி இருக்கும், ஷாஜகான் பாய் மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்தார். ஊன்றுகோலோடு நடந்து வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரரு மாசாமாசம் என்கிட்ட வருவாரு. தெரியுமாம்மா?" என்றார். தெரியாது என்றேன்.

பாய் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். விபத்து நடந்த மறுமாசம், பாய் கட்டிலில் கிடந்தபோது இவர் போயிருக்கிறார். கதவைச் சாத்திவிட்டு, எனக்குப் பத்து வருசமாகக் காது கேட்காது பாய், கேட்காத காதை வைத்துக்கொண்டு உங்கள் வண்டியைப் பார்த்துக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

"செருப்பைத் தூக்கி எறிஞ்சேன்ம்மா. ஒத்தைச் செருப்புத்தான் மிச்சம் இருந்தது. அப்புறமும் மாசாமாசம் வந்து இந்த வண்டிக்கு பிரேக்கு பாப்பாரு, ஆயில் மாத்துவாரு. கடைவீதியில எல்லாரும் பாக்க வாடா செவுடான்னுதான் கூப்பிடுவேன். சும்மா திட்டறேன்னு ஜனங்க நினைச்சாங்க. அவரு என் வாயையே பாத்துட்டு நிப்பாரு. நிஜமாவே செவுடுன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. தயவுக்காக இல்லம்மா. எப்பவாவது குத்தறதுக்கு ஒரு கத்தி வேணும்னு பத்திரமா வெச்சிருந்தேன்."

அவரைக் கிடத்தியிருந்த கட்டிலின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பட்டறை வாசலில் பழியை ஏற்றது காதுக்காக இல்லை. உயிரைப்போல் ஒளித்துவைத்த காதைத் தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அப்போதும் என் பேரைச் சொல்லவில்லை.

"பாய், அன்னைக்குக் கேட்டது என்ற காதுங்க" என்றேன். "சத்தம் இளைச்சுது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நல்லாருக்குதுன்னு கை காட்டிப்போட்டேன்."

கவிதா என் தோளைப் பிடித்திருந்தாள். பிடித்த கை மெல்ல விலகியது.

"எதுக்கும்மா?" என்றார் பாய்.

"என்னை ஸ்பானருன்னு சொன்னாருங்க."

ஊக்கு குத்தி மடித்திருந்த தன் கால்சட்டையை ஒருமுறை பார்த்தார். "அதுக்கா" என்றார். சத்தமே இல்லாமல் சொன்னார்.

பிறகு சொன்னார்: "நாற்காலியில உக்காந்துதான் தொழறேன். ஒன்பது வருசமா அவரு பேரைச் சொல்லி, நாசமாப் போகணும்னு கேட்டிருக்கேன். தப்பான பேரைச் சொல்லியிருக்கேன். என்கிட்ட மன்னிப்புக் கேட்டுராதீங்க. என்கிட்ட அது இல்ல. அன்னைக்கு உங்க பட்டறை வாசல்ல நின்னு சிரிச்சாங்களே, அவங்களுக்குச் சொல்லுங்க." எழுந்துபோய் என் வீட்டுக்காரர் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி என்னைப் பார்க்காமல் போனார்.

சொல்லிவிட்டேன். செல்வம், உன் தாளில் இருக்கிற அந்த வரியில் அவர் பேரை அடித்துவிட்டு என் பேரைப் போட்டுக்கொள்ளலாம். ராமாத்தாள் என்று போடு. கவிதா இதை எழுதிக்கொடுக்கிறாள், ஆனால் என்னோடு பேசுவதில்லை. அவள் பேசுகிறபோது பேசட்டும்.

அவர் கெட்ட வாய்க்காரர். என்னை அவர் ஊருக்கு முன்னால் காப்பாற்றினார், வீட்டுக்குள் வைத்து ஒன்பது வருசம் தண்டித்தார். ரெண்டில் எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி விசயத்தில் அவர் ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. அவருக்குச் சொன்னவள்தான் தப்பாகச் சொன்னாள்.

அஞ்சு மணிக்கு மயானத்துக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. ஷாஜகான் பாயுடையது மாதிரியே பெட்ரோல் வேன்தான். பின்னால் ஏற்றினார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். கதவைச் சாத்துவதற்குள் டிரைவர் சாவியைத் திருப்பினான். அவர் படுத்திருந்த பலகைக்கு அடியில் பம்ப் ரெண்டு நொடி முனகி நின்றது. கூட்டத்தில் அது வேறு யாருக்கும் கேட்டிருக்காது. நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. நான் கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

நம் பக்கம் யாரையும் போங்க என்று சொல்வதில்லை. போயிட்டு வாங்க என்றுதான் சொல்வோம். அன்றைக்கு அவருக்கு என் உதடு தெரியாது என்று தெரிந்தும் சொன்னேன்.

"சத்தம் நேரா இருக்குதுங்க. போங்க."